பெரிய கப்பல் எத்தனை நாள் நிற்கும்

1995 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் ஐந்தரைக்குத் தண்ணீர் திறப்பார்கள், ஆறரைக்கு நிறுத்திவிடுவார்கள். குடிக்கிற தண்ணீர் இரண்டு குடம், பிறகு குளியலறைத் தொட்டி, கடைசியில் துணி வாளி. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. பால் பூத்துக்குப் போய் வந்து காப்பி போட்டுக் குடித்தேன். சோறு வடித்துவிட்டு வத்தக்குழம்பை அடுப்பில் ஏற்றினேன். அது இரவுச் சாப்பாட்டுக்கு. காலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் புளியும் காரமும் சேர்ந்துவிடும்.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்குப் பிறகு துணி துவைத்து, வாரத்துக்கான புடவைகளை இஸ்திரி போட்டு வைப்பேன். அன்று அதைச் செய்யவில்லை. அன்று என் தம்பி வேலை செய்யும் கப்பல் மெட்ராஸுக்கு வந்தது.

தம்பிக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா அவனுடைய மூன்றாவது வயதில் போய்விட்டாள். அப்பா ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அந்த வேலைக்குப் பதிலாக எனக்கு அங்கேயே டைம் ஆபீஸில் ஒரு வேலை கொடுத்தார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்று. தம்பி ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். என்னைக் கேட்டு ஓரிருவர் வந்தார்கள். தம்பியும் கூட வருவான் என்றதும் பேச்சு நின்றுவிடும். பிறகு யாரும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். கப்பலில் இயந்திர அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவன்தான்.

இந்த முறை அவனைப் பார்த்துப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை மாலை, முனையில் இருக்கும் மளிகைக் கடைக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. கடைக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய் வாங்கினேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில மெட்ராஸ் வர்றோம். பொட்டிக் கப்பல்க்கா. நீ பாத்தா பயந்துடுவே, அவ்ளோ பெருசு."

"உடம்பு எப்படி இருக்கு? சாப்பிடறியா?"

"அதெல்லாம் நல்லா..." என்பதோடு இணைப்பு அறுந்துவிட்டது. கடையில் சாமான் வாங்க நின்ற நாலைந்து பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாள் நிற்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அதற்குக் காரணம் 1984. அவன் முதன்முதலில் சேர்ந்த கப்பல் அந்த வருஷம் மழைக்காலத்தில் மெட்ராஸ் வந்தது. சின்னக் கப்பல்தான். மூட்டை மூட்டையாகச் சரக்கு. துறைமுகத் தொழிலாளிகள் வலையில் அடுக்கி, கொக்கியில் மாட்டி, நாலைந்து மூட்டையாக இறக்கினார்கள். தூறல் விழுந்தால் சரக்கு அறையை மூடிவிட்டு வேலையை நிறுத்திவிடுவார்கள். பதினோரு நாள் நின்றது. முதல் நாள் மட்டும் சோதனை, கையெழுத்து என்று மாலைவரை யாரையும் வெளியே விடவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடித்து பீச் ஸ்டேஷனில் ரயிலேறி வீட்டுக்கு வந்து தூங்கினான். தொழிற்சாலையில் ஜன்னல் வழியே மேகம் கறுப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்னும் ஒரு நாள் கூடும்.

"நீ துறைமுகத்துக்கெல்லாம் வராதேக்கா. லாரியும் தூசியும். நான் வந்துடறேன், நீ வீட்டிலேயே இரு" என்று அப்போது சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அவன் கப்பல் மெட்ராஸ் வந்த இரண்டு முறையும் நான் வீட்டிலேயேதான் இருந்தேன்.

ஆகவே நான் கணக்குப் போட்டேன். சின்னக் கப்பலுக்கே பதினோரு நாள். இது பயப்படும் அளவுக்குப் பெரிய கப்பல். மழை இல்லாத மாசி மாதம், புது கிரேன்கள் வந்திருக்கின்றன என்று குறைத்துப் போட்டாலும் எட்டு நாளாவது நிற்கும். புதன், வியாழன் இரண்டு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வேளைக்கும் என்ன சமைப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பருத்திப்பட்டில் ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு மனை இருந்தது. தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கம் பிரித்துக் கொடுத்தது. வீடு கட்ட அனுமதி வந்துவிட்டது. அதைப் பற்றி அவனுக்கு நான் எழுதவில்லை. நேரில் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அஸ்திவாரம் தோண்ட மேஸ்திரி ஆள் சொல்லியிருந்தார். ஒரு அறை வைத்தால் பின்பக்கம் காலியிடம் நிற்கும். இரண்டு அறை வைத்தால் மனை முழுவதும் வீடாகிவிடும். ஒரு வாரமாக மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, ஒண்ணா ரெண்டா? தோண்டினதுக்கு அப்பால வந்து மாத்துன்னு சொன்னா நான் பூமியத் தெச்சிக் குடுக்க முடியாது."

"திங்கட்கிழமை காலையில சொல்றேன்" என்றிருந்தேன். தம்பிக்கு முப்பத்தைந்து வயதாகிறது. கப்பலை விட்டுவிட்டு இங்கே வந்து இருக்கப்போகிறானா, இல்லையா? அதுதான் கேள்வி. எழுத்தில் கேட்டால் எழுத்தில் நழுவிவிடுவான். சாப்பிட்டு முடித்து, பாயில் சாய்ந்திருக்கும்போது கேட்டால் உண்மையைச் சொல்வான். ஞாயிறு இரவு கேட்பதாக இருந்தேன்.

அவன் மாலையில்தான் வெளியே வருவான் என்பதால் பகல் முழுவதும் என்னிடம் இருந்தது. அந்தப் பெரிய கப்பல் உள்ளே வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இரவு சாப்பிடும்போது, "நான் பயப்படலையே" என்று சொல்லலாம். எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, குடையும் ஒரு டப்பா தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு ஆவடியில் ரயிலேறினேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் திருநெல்வேலி. கணவர் என் தொழிற்சாலையிலேயே வெல்டர். அவள் அப்போது குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராயபுரத்தில் இறங்கி நடந்தேன். காசிமேட்டுக் கடற்கரையில் பெரிய கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் துறைமுகத்தின் தடுப்புச் சுவரும் அதற்கு மேல் உயர்ந்து நிற்கும் கிரேன்களும் தெரியும். ஒரு தென்னோலைப் பந்தலில் ஒரு பெண் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பந்தலின் நிழல் விழுந்த ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

கப்பல் ஒன்பது மணிக்குமேல் தெரிந்தது. முதலில் கப்பல் என்றே எனக்குத் தோன்றவில்லை. அடிவானத்தில் யாரோ ஒரு தெருவைக் கட்டி வைத்ததுபோல இருந்தது. பெட்டி மேல் பெட்டியாக, துரு நிறம், நீலம், பச்சை. பின்னால் ஒரு வெள்ளை மாடிக் கட்டடம். அது நகர்வதே தெரியவில்லை. பந்தல் கம்பத்தை ஒரு குறியாக வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் வந்துகொண்டிருப்பது புரிந்தது. துறைமுகத்திலிருந்து ஒரு சிறிய படகு போய் அதன் வயிற்றோடு ஒட்டியது. பிறகு இரண்டு இழுவைப் படகுகள் போயின. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் கயிறு வாங்கிக்கொண்டு, அடங்காத எருமையை வீட்டுக்கு ஓட்டுவதுபோல, அதைத் தடுப்புச் சுவர்களின் நடுவே திருப்பின. எங்கள் தொழிற்சாலையில் மிக நீளமான ஷெட்டின் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் இருப்பவர் முகம் தெரியாது. இது அதைவிட நீளம்.

ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாக இருந்தது. 1984இல் கப்பலைப் பற்றி அவன் சொல்லும்போதெல்லாம், கரை நெருங்கினால் எல்லாரும் கம்பிப் பிடியோரம் வந்து நின்றுவிடுவார்கள் என்பான். இதில் ஆளே தெரியவில்லை. அவ்வளவு நீளத்துக்கும் ஒரு தலைகூட இல்லை. முன்னால், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில், ஆரஞ்சு உடையில் இரண்டு புள்ளிகள். அவ்வளவுதான். கீழே இயந்திர அறையில் இருப்பான் என்று சொல்லிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் அது சுவருக்குப் பின்னால் போய் நின்றது. பெட்டிகளின் மேல் அடுக்கும் வெள்ளைக் கட்டடத்தின் உச்சியும் மட்டும் தெரிந்தன. கிரேன்கள் கையைத் தாழ்த்தின. ஒரு பெட்டியைக் கவ்வி, தூக்கி, கரைப்பக்கம் கொண்டுபோய் இறக்கி, வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததைக் கவ்வின. சத்தம் காற்றில் தாமதமாக வந்து சேர்ந்தது. பார்க்க அலுக்கவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டேன். வெயில் நகர நகர நானும் கல் மாறி உட்கார்ந்தேன். பகல் மூன்று மணிக்குமேல் ஆகியிருக்கும், மீன் வறுக்கும் பெண் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னாக்கா, காத்தாலருந்து அந்தக் கப்பலயே பாத்துகினு கீறே, மாப்ள பாக்க வந்தவ மாரி."

"என் தம்பி அதுல வேலை செய்யறான்."

"அட. தம்பி வர்றான்னா ஊட்ல குந்திகினு சோறாக்காம இங்க இன்னா பண்றே?"

"சாயங்காலம்தான் வருவான். எட்டு பத்து நாள் இங்கதானே இருக்கப்போறான்."

வலை கட்டுகிறவர் தலை தூக்காமல் சிரித்தார். "எட்டு நாளா? பொட்டி கப்பல் எங்கக்கா எட்டு நாளு நிக்கும்? காத்தால வந்தா சாய்ந்தரம் பூடும்."

"இவ்வளவு பெரிய கப்பல் எப்படிங்க ஒரே நாள்ல..."

"பெருசா இருந்தா இன்னா? மூட்டையா தூக்குறான் தலையில வெச்சி? பொட்டிய அப்பிடியே கவ்விகினு போய் லாரி மேல வெக்கிறான். அதோ பாரு, அடுத்த கப்பலு வெளிய லைன்ல கீது. இது எடத்த காலி பண்ணாதான் அது உள்ள வரும்."

"யோவ், வாய மூடிகினு வலையக் கட்டு. அக்கா மூஞ்சப் பாரு" என்றாள் அவள்.

நான் கப்பலைப் பார்த்தேன். காலையில் வெள்ளைக் கட்டடத்தின் ஜன்னல்களை மறைத்திருந்த அடுக்குகள் கீழே போயிருந்தன. நடுவில் புதிய பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஐந்து மணி நேரமாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று கணக்கு வைப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. இருந்தும் குறைவது கண்ணில் பட்டதே தவிர, அதன் அர்த்தம் படவில்லை.

ஆட்டோ பிடித்துத் துறைமுக வாசலுக்குப் போனேன். லாரிகள் வரிசையாக நின்றன. காவலுக்கு நின்றவர் வயதானவர். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டு, நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கப்பல்ம்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

"அது கிளம்புற கப்பல் ஆச்சே. வெளிய போனவங்கள்லாம் ரெண்டரைக்கே உள்ள வந்துட்டாங்க. இனிமே யாரும் வரமாட்டாங்க."

"வெளியே விட்டாங்களா?"

"பதினோரு மணிக்கே விட்டாங்களே. மூணு மணி நேரம், நாலு மணி நேரம். கடைக்கிப் போறவன் போவான், கோயிலுக்குப் போறவன் போவான்."

"உள்ளே ஒரு செய்தி சொல்லி அனுப்ப முடியுமா?"

"யாருகிட்டம்மா சொல்றது? கப்பலுக்கும் வாசலுக்கும் ரெண்டு மைல்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு ஓரமாக நிழலைக் காட்டி நிற்கச் சொன்னார். அங்கே நின்று யோசித்தேன். மூன்று மணி நேரத்தில் ஆவடி போய்த் திரும்ப அவன் துணியமாட்டான். ரயில் தவறினால் கப்பல் போய்விடும். ஆகவே உள்ளேயேதான் இருந்திருப்பான், அல்லது எதிரே கடைத்தெருவில் சோப்பு வாங்கியிருப்பான். வாசலில் நின்றால் கடல் தெரியாது. கல்லில் உட்கார்ந்தால் கப்பலாவது தெரியும். அதே ஆட்டோ நின்றிருந்தது. திரும்பினேன்.

ஐந்தரை மணிக்குக் கப்பல் சுவரைத் தாண்டி வெளியே வந்தது. காலையில் தெரு போல வந்தது இப்போதும் தெரு போலத்தான் போயிற்று. பெட்டிகள் மட்டும் வேறு. வந்தவை இறங்கிவிட்டன, போகிறவை ஏறிவிட்டன, நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. இழுவைப் படகுகள் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கின. வெளிச் சுவரின் முனையை அது கடக்கும்போது கரைக்கு மிக அருகில் வந்ததாக எனக்குத் தோன்றியது. பின்பக்கத்தில் ஒருவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். குடையை விரித்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். கப்பலிலிருந்து பார்த்தால் கரை நெடுக எத்தனையோ குடை, எத்தனையோ பந்தல். அவன் வேலையை முடித்துவிட்டு உள்ளே போனான். தம்பியா என்று சொல்ல முடியாது. நடை அவன் நடை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மீன்காரப் பெண் அடுப்பை அணைத்துச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தபா ஊட்லயே இருந்துடுக்கா. வரவன் தானா வருவான்" என்றாள். ஒரு துண்டு மீனை இலையில் வைத்து நீட்டினாள். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொல்ல மனம் வராமல் வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு பூனைக்குப் போட்டேன்.

வீடு திரும்ப ஏழரை மணி. படியேறும்போதே எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள்.

"எக்கா, எங்க போயிட்டிய? ஒங்க தம்பி வந்தாவல்லா."

நான் படியிலேயே நின்றேன்.

"மத்தியானம் பன்னெண்டேகால் இருக்கும். வேர்த்து ஒழுகுது. நீங்க இல்லன்னதும் மொகம் வாடிட்டு. சாவி குடுத்தேன். அவியளே எடுத்துப் போட்டுச் சாப்ட்டாவ. நான் அப்பளம் பொரிச்சிக் குடுத்தேன். கொழம்பு அக்கா வச்ச மாதிரியே இருக்குன்னாவ. அக்கா வச்சதுதானேன்னேன். சிரிச்சாவ."

"எவ்வளவு நேரம் இருந்தான்?"

"முக்கா மணி நேரம். ரோட்டையே எட்டி எட்டிப் பாத்தாவ. ஒங்க அக்கா வீடு கட்டுதாவளே, ஒங்களுக்குன்னு ஒரு ரூமு வப்பாவன்னு நான்தான் அவியகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"வருசத்துக்கு ஒருக்க முக்கா மணி நேரம் வாறவனுக்கு ரூமு எதுக்கு, கூடத்துல ஒரு பாய் போட்டாப் போதும்னாவ. சிரிச்சிட்டேதான் சொன்னாவக்கா. அதான் பம்பாயில ரூமு எடுத்திருக்காவளே, மூணு பேரு சேந்து. கப்பல விட்டு எறங்குனா அங்கதான் இருப்பாவளாம். ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றேன்.

அவள் சாவியைக் கொடுத்தாள். உள்ளே போய் விளக்கைப் போட்டேன். சாப்பிட்ட தட்டும் டம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மேசைமேல் ஒரு பிஸ்கட் டின். சமையலறைக் குழாய்க்கு அடியில் நான் வைத்திருக்கும் கிண்ணம் ஓரமாக நகர்ந்திருந்தது. நாலைந்து மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் சொட்டவில்லை. எதை வைத்து முடுக்கினான் என்று தெரியவில்லை, வீட்டில் ஸ்பானர் இல்லை. பையில் கொண்டுவந்திருப்பான். பழக்கம்.

வத்தக்குழம்பு பாதி இருந்தது. அதைச் சூடு பண்ணிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். பம்பாய் அறையைப் பற்றி அவன் எனக்கு ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். பருத்திப்பட்டு மனையைப் பற்றி நான் ஏன் எழுதவில்லையோ, அதே காரணமாக இருக்கலாம். நேரில் சொல்ல வைத்திருந்தான். புதன், வியாழன் லீவை ரத்து செய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வெகு நேரம் தூக்கம் வரவில்லை. குழாய் சொட்டாத வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கவில்லை. எழுந்ததும் முதல் வேலையாகப் பருத்திப்பட்டுக்கு நடந்தேன். மேஸ்திரி எனக்கு முன்பே வந்திருந்தார். மனையில் முதலில் ஒரு அறைக் கணக்குக்கு நாலு முளை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஆட்கள் இருவர் ஏரிப்பக்கம் பார்த்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா, ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணு."

"தம்பி?"

"அவனுக்கு வேற இடம் இருக்கு. கூடத்தை மட்டும் கொஞ்சம் நீட்டணும்."

"எவ்ளோ?"

"ஒரு ஆள் பாயில கால் நீட்டிப் படுக்கணும். படுத்தவரைத் தாண்டாம இன்னொருத்தர் பக்கத்துல நடந்து போகணும்."

மேஸ்திரி என்னை ஒரு தரம் பார்த்தார். பின்பக்க முளைகள் இரண்டையும் பிடுங்கி, மூன்று அடி பின்னால் தள்ளி வைத்து, கல்லால் அடித்தார். நூலின் இந்த முனையை என் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.